‘ஹாட்லி’: ஓர் ஆங்கில வினையடையின் வரலாறும் செயப்பாட்டுவினையும்

ஆங்கிலத்தில் எதிர்மறையை உணர்த்துதற்கு ‘நொட்’, ‘நெவர்’ முதலான சொற்கள் உள்ளமையை யாவரும் அறிவர். இவற்றின் அயலிலே, முற்றாக மறுக்காது மறுப்பின் விளிம்புவரை சென்று நிற்கும் வினையடைகள் சிலவும் உள. ஹாட்லி, ஸ்கெயார்ஸ்லி, பெயார்லி, செல்டம், றெயார்லி என்பன அவற்றுட் பெருவழக்கினவாம். டென்மார்க்கு நாட்டு மொழியியலறிஞர் ஓட்டோ யெஸ்பேர்சன், எதிர்மறை பற்றி 1917இல் வெளியிட்ட நூலில், இத்தகையனவற்றை நிறைவுறா எதிர்மறை என்ற தலைப்பின்கீழ் ஆராய்ந்தார். இக்கட்டுரையில் அவற்றைக் குறையெதிர்மறைகள் எனக் குறிப்போம்.

செயப்பாட்டுவினையோடு இவை வருங்கால், முதலாம் துணைவினையை அடுத்து நிற்கும் என்பது பாடநூல்கள் தரும் விதி. இன்றைய வாக்கியங்களுக்கு இவ்விதி பெரும்பாலும் போதுமானது. ஆயின் இருநூறு, முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஆங்கில எழுத்தைப் படிப்போருக்கு, குறிப்பாக வரலாற்று மாணவருக்கு, இவ்விதி மட்டும் கைகொடாது. சில இடங்களில் அவர்களை நேர்மாறான பொருளுக்கே இட்டுச் செல்லும்.

இச்சொற்கள் எவையும் எதிர்மறையாகப் பிறந்தனவல்ல. செல்டம், றெயார்லி ஆகியன தொடக்கத்திலிருந்தே அருகிய நிகழ்ச்சியையும் அடர்த்தியின்மையையும் சுட்டியவையாதலின், அவற்றின் வரலாற்றில் வியப்பதற்கு அதிகமில்லை. பெயார்லி என்பது பழைய ஆங்கிலத்தில் ‘வெளிப்படையாக’ எனப் பொருள் தந்தது. ‘வெறுமையான’ என்ற அடியிலிருந்து வந்து, வெறுமனே அவ்வளவே என்ற கருத்தினூடாக இன்றைய பொருளை எய்திற்று. ஸ்கெயார்ஸ்லி, நோர்மானியர் வழிவந்த பிரெஞ்சுச் சொல்லின் வழித்தோன்றல், பற்றாக்குறையைச் சுட்டியது. இவை எல்லாவற்றினும் ஹாட்லியின் கதையே சுவையானது.

‘ஹாட்’ என்னும் அடி வன்மையைக் குறிப்பது. பழைய ஆங்கிலத்தில் இதன்வழி இரு வினையடைகள் தோன்றின. ஒன்று ஈற்றில் எகரம் பெற்றது. அவ்வீறு காலப்போக்கில் தேய, பெயரடையும் வினையடையும் ‘ஹாட்’ என ஒரே வடிவாயின. மற்றையது ஹாட்லி. இது முதலில் துணிவோடு, கடுமையாக என்னும் பொருள்களைத் தந்தது. பின்னர் ‘வருந்தி, இடர்ப்பட்டு’ என்ற பொருள் கிளைத்தது. இடர்ப்பட்டு நிகழ்வது நிகழாதுபோதற்கும் அணித்தன்றோ? 16ஆம் நூற்றாண்டில் ‘ஏறத்தாழ இல்லை’ என்ற பொருளும் இச்சொல்லில் வந்து குடிபுகுந்தது. பழைய பொருள்கள் உடனே வெளியேறவுமில்லை. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்திலே, சாராய் தன் பணிப்பெண்ணைக் கடுமையாக நடத்தியதைக் கூறும் ஆதியாகமப் பகுதியிலும், செல்வன் விண்ணரசினுட் புகுதலின் அருமையைக் கூறும் மத்தேயுவின் பகுதியிலும் இதே ஹாட்லி வருகின்றது. முன்னையதில் ‘கொடுமையாக’ என்பது பொருள். பின்னையதில் ‘வருந்தி’ என்பது பொருள். பின்னையதன் கிரேக்க மூலச் சொல்லும் ‘இடர்ப்பாட்டோடு’ என்றே பொருள்படுவது. இன்றைய ஆங்கில வாசகனோ அவ்விடத்தில் ‘செல்வன் புகுவான் என்பதற்கில்லை’ என்று வாசித்துவிடுகிறான்.

ஒரு சொல் இரு பொருள்பட்டு நிற்றல் எம்மொழிக்கும் இயல்பே. வாக்கியத்தில் அது நிற்கும் இடம் பொருளைத் தெளிவாக்கிவிடும். செய்வினையில் ஹாட்லிக்கும் இவ்வாறே நிகழ்ந்தது. கடுமையைக் குறிக்குமிடத்து, செயப்படுபொருளுக்குப் பின்னே வாக்கிய இறுதியை நோக்கிச் சென்றது. குறையெதிர்மறையாக வருமிடத்து வினைக்கு முன்னே நின்றது. ‘யூஸ்’ என்னும் வினையை எடுத்துக்கொள்வோம். அக்கால ஆங்கிலத்தில் இது பொருளைப் பயன்படுத்துதலை மட்டுமன்றி, ஒருவரை நடத்துதலையும் குறித்தது. ‘ஹீ யூஸ்ட் ஹேர் ஹாட்லி’ என்றால் அவளைக் கடுமையாக நடத்தினான். ‘ஹீ ஹாட்லி யூஸ்ட் இற்’ என்றால் அதனை அவன் பயன்படுத்தவில்லை என்னுமளவிற்குப் பயன்படுத்தினான். ஐயத்திற்கு இடமில்லை.

இவ்வாக்கியங்களைச் செயப்பாட்டுவினையாக மாற்றும்போதே சிக்கல் தோன்றுகின்றது. செயப்படுபொருள் எழுவாயாகி முன்னே சென்றுவிட, வினைக்குப் பின்னாலிருந்த எல்லைக்கல் பெயர்ந்துவிடுகிறது. அன்றியும், செயப்பாட்டுவினையில் தன்மையைக் குறிக்கும் வினையடை இறந்தகால எச்சத்தின் முன்னே நிற்றலே ஆங்கிலத்தின் பெருவழக்கு. ‘வொஸ் வெல் றீற்றட்’ என்பது எடுத்துக்காட்டு. குறையெதிர்மறையோ முதலாம் துணைவினையை அடுத்து நிற்பது. துணைவினை ஒன்றே உள்ள வாக்கியத்தில் இவ்விரு இடங்களும் ஒன்றாகிவிடுகின்றன. எனவே ‘ஷீ வொஸ் ஹாட்லி யூஸ்ட்’ என்ற தொடர் ‘அவள் கொடுமையாக நடத்தப்பட்டாள்’ எனவும் படும். ‘அவள் பயன்படுத்தப்பட்டாள் என்பதற்கில்லை’ எனவும் படும். துணைவினை இரண்டாகுமாயின் இடங்கள் மீண்டும் பிரிந்துவிடும். ‘ஹாஸ் பீன் ஹாட்லி யூஸ்ட்’ என்பதில் வினையடை எச்சத்தை ஒட்டி நிற்பதால் கடுமைப் பொருளும், ‘ஹாஸ் ஹாட்லி பீன் யூஸ்ட்’ என்பதில் முதலாம் துணைவினையை ஒட்டி நிற்பதால் குறையெதிர்மறைப் பொருளும் பெறப்படும். ஆகவே இரு ஹாட்லிகளும் நேருக்குநேர் மோதிக்கொண்ட களம் எளிய செயப்பாட்டுவினையே எனலாம்.

மோதலில் வென்றது புதிய பொருள். கடுமைப் பொருளுக்கு ஹார்ஷ்லி, பாட்லி முதலானவை இருந்தமையாலும், உழைப்பையும் வலிமையையும் குறிக்க ‘ஹாட்’ என்ற குறுகிய வடிவே போதுமானதாக இருந்தமையாலும், ஹாட்லி அப்பொறுப்புகளிலிருந்து மெல்ல விலகியது. 1926இல் வெளிவந்த பௌலரின் ஆங்கில வழக்குக் கையகராதி, குறையெதிர்மறைப் பொருள் ஒழிந்த இடங்களில் ‘ஹாட்’ என்பதே மரபுக்குரிய வடிவம் என்று கூறுமளவிற்கு நிலைமை முற்றியிருந்தது. வியப்பு யாதெனில், பழைய பொருள் நெடுங்காலம் ஒட்டிக்கொண்டிருந்ததும் அதே செயப்பாட்டு வடிவங்களிலேதான்: யூஸ்ட், றீற்றட், டெல்ற் வித் என்னும் எச்சங்களின் முன்னே அது மரபுத்தொடராய் உறைந்து நின்றது. இன்று விற்பனை விளம்பரத்தில் ‘ஹாட்லி யூஸ்ட்’ என்று கண்டால், பொருள் புத்தம்புதிது போன்றது என்றே கொள்கிறோம். அன்றைய காதுக்கு அது அடிபட்டு நைந்த பொருள் எனவும் ஒலித்திருக்கும்.

இது வெறும் சொல்லாராய்ச்சி விநோதமன்று. 17ஆம் நூற்றாண்டு தொடக்கம் 19ஆம் நூற்றாண்டு வரையான ஆங்கிலக் கடிதங்கள், முறையீடுகள், பயணநூல்கள் ஆகியவற்றை மூலாதாரமாகக் கொள்ளும் நம் மாணவர் பலர். கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் 1681இல் இலண்டனில் தம் நூலை வெளியிட்டபோது ஹாட்லியின் இரு பொருள்களும் உயிரோடிருந்தன. கைதி ஒருவனோ பணியாள் ஒருத்தியோ இச்சொல்லால் தம் துயரைச் சொல்லியிருக்க, அதனை ‘அவ்வளவாக ஒன்றும் நேரவில்லை’ என்று நாம் வாசித்துவிட்டால், ஒருவர் பட்ட கொடுமை ஏட்டில் இருந்தபடியே மறைந்துவிடும்.

குறையெதிர்மறை உண்மையிலேயே எதிர்மறைதானா என்பதற்கு ஆங்கில இலக்கணம் தரும் சான்றுகள் சிலவே ஈண்டு வேண்டப்படுவன. எட்வேட் கிளீமா 1964இல் எழுதிய கட்டுரை இத்தகைய சோதனைகளைத் தொகுத்தளித்தது. அவற்றுள் ‘எனி’ என்ற சொல் செயப்பாட்டுவினையோடு நெருங்கிய தொடர்புடையது. எதிர்மறையைச் சார்ந்து வரும் ‘எனிவன்’ அவ்வெதிர்மறைக்குப் பின்னரே நிற்கமுடியும். ஆதலால் செய்வினையில் ‘எனிவன் ஹாட்லி நோட்டிஸ்ட் ஹிம்’ என்றல் பிழை. செயப்பாட்டுவினையில் வினைமுதல் வாக்கிய இறுதிக்குச் செல்வதால், ‘ஹீ வொஸ் ஹாட்லி நோட்டிஸ்ட் பை எனிவன்’ என்பது குற்றமற்றதாகிறது. இப்படியோர் ‘எனி’ பின்தொடருமாயின், பழைய நூலிலும் ஹாட்லி பெரும்பாலும் குறையெதிர்மறையே என்று துணியலாம். வாக்கிய முதலில் ஹாட்லி நின்று துணைவினை எழுவாய்க்கு முன் வரும் ‘ஹாட்லி ஹாட் த ஓடர் பீன் கிவின்’ போன்ற அமைப்பும் அத்தகையதே. இரண்டாயின்றி ஒரு துணைவினையோடு, மனிதரை எழுவாயாகக் கொண்டு, நடத்துதலைக் குறிக்கும் வினையோடு வருமிடங்களே ஐயத்திற்குரியன. அங்கு முன்பின் வாக்கியங்களே தீர்ப்பளிக்க வேண்டும்.

தமிழிலும் இதற்கோர் இணை உண்டு. அருமை என்பது கடினத்தையும் குறிக்கும், அருகிக் காணப்படுதலையும் குறிக்கும். திருக்குறளில் ‘அருங்கேடன்’ என்ற சொல்லுக்கு உரைகண்ட பரிமேலழகர் அருமை என்பதற்கு இன்மை என்றே பொருள் கொண்டார். கேடு அரியவன், கேடு இல்லாதவன் ஆனான். கடினத்திலிருந்து இன்மைக்கு ஆங்கிலச் சொல் சென்ற வழியிலே தமிழ்ச் சொல்லும் சென்றுள்ளமை நோக்கற்பாலது. எனினும் ‘படு’ துணைவினை கொண்ட நம் செயப்பாட்டுத் தொடர்களில் ஆங்கிலத்திற்கு நேர்ந்த மயக்கம் அவ்வளவாக நேரவில்லை. ‘அரிதிற் பெறப்பட்டது’ என்றால் வருந்திப் பெறப்பட்டது. ‘அரிதாகவே பெறப்பட்டது’ என்றால் எப்போதாவது பெறப்பட்டது. சொல் நிற்கும் இடத்தை நம்பி ஆங்கிலம் செய்ய முயன்ற வேறுபாட்டை, தமிழ் இங்கு சொல்லின் ஈற்றைக் கொண்டு செய்துவிடுகிறது.