காரில் சப்வூஃபர் அமைத்தல்

சப்வூஃபர் என்பது ஏறத்தாழ 20 முதல் 80 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ் அதிர்வெண்களை மட்டும் ஒலிப்பதற்கான தனி ஸ்பீக்கர். காருடன் வந்த ஸ்டீரியோவைக் கழற்றாமல், அதனுடன் ஓர் ஆம்ப்ளிஃபையரையும், அந்த வண்டியின் இடத்துக்கேற்பச் செய்த பெட்டியில் ஒரு சப்வூஃபரையும் சேர்ப்பது கார் ஒலியமைப்பை மேம்படுத்தும் வழிகளில் பரவலான ஒன்று. டிக்கியில் இருந்து தெருவையே அதிரவைக்கும் கருவி என்று இதைப் பலர் நினைத்தாலும் இதன் முதற்பயன் சத்தம் அன்று. நான்கு தந்தி பேஸ் கிதாரின் அடித்தந்தி 41.2 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. பியானோவின் இடக்கோடிக் கட்டை 27.5 ஹெர்ட்ஸில். சாதாரணக் கார் ஸ்பீக்கரில் இவற்றின் மேற்சுரங்கள் கேட்கின்றன, அடிச்சுரம் பெரும்பாலும் கேட்பதில்லை. இசையில் விடுபட்ட அந்தப் பகுதியைத் திரும்பக் கொண்டுவருவதே சப்வூஃபரின் வேலை.

அதிர்வெண் பாதியாகக் குறைந்தால், அதே ஒலியளவைத் தர ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். 80 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் அசைவு போதுமென்றால் 40 ஹெர்ட்ஸில் 4 மில்லிமீட்டரும் 20 ஹெர்ட்ஸில் 16 மில்லிமீட்டரும் தேவைப்படும். கதவில் உள்ள ஆறரை அங்குல ஸ்பீக்கரால் இது ஆகாது. அதற்குப் பின்னால் இருப்பதோ காற்று கசியும் மெல்லிய தகடு. இதனால் பல கார்களில், ஒலியளவைக் கூட்டக் கூட்டத் தாழ்ஒலி தானாகவே குறையும்படி ஸ்டீரியோவை அமைத்துவிடுகிறார்கள். ஸ்பீக்கர் பிழைத்துக்கொள்கிறது, பாட்டு மெலிந்துவிடுகிறது.

வரலாறு

காருக்குள் வானொலியை வெற்றிகரமாக விற்பனைக்குக் கொண்டுவந்தது சிகாகோவின் கால்வின் நிறுவனம். 1930இல் வெளிவந்த அதன் மோட்டரோலா வானொலியின் பெயரே பின்னாளில் நிறுவனத்தின் பெயராயிற்று. கார் ஒலியில் தாழ்சுரத்தின் வரலாறு இன்னொரு வழியில் வளர்ந்தது. துளையுள்ள பெட்டி தாழ்ஒலியைக் கூட்டும் என்று காட்டி பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் 1932இல் காப்புரிமை பெற்றார். முழுக்க அடைத்த சிறு பெட்டிக்குள் இருக்கும் காற்றையே சுருள்வில்லாகப் பயன்படுத்தலாம் என்பதை எட்கர் வில்சர் 1954இல் தம் ஏஆர்-1 ஸ்பீக்கரால் நிறுவினார். எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு பெரிய பெட்டி என்பதைக் கணக்குப் போட்டே சொல்லும் முறையை ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இல் வகுத்தார். ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்தில் அதை விரிவாக்கினார். இன்று எந்தச் சப்வூஃபரின் விவரத்தாளிலும் காணப்படும் தீல்–ஸ்மால் அளவுகள் இவ்விருவர் பெயரால் வந்தவை.

கார்களுக்கான சப்வூஃபர் ஒரு தொழிலாக வளர்ந்த இடம் அமெரிக்கா. கிக்கர் ஓக்லஹோமாவில் 1973இல் தொடங்கியது. ஜேஎல் ஆடியோ 1975இல் ஃப்ளோரிடாவில். 1980களில் மயாமி நகரில் எழுந்த மயாமி பேஸ் இசை, ரோலண்ட் டிஆர்-808 தாளக்கருவியின் நீண்டு ஒலிக்கும் அடியை மையமாகக் கொண்டது. கார்களில் பெரிய சப்வூஃபர் வைக்கும் பழக்கம் அங்கே அந்த இசையோடு சேர்ந்தே பரவியது. குறிப்பிட்ட காரின் உட்புறத்துக்கென்றே ஒலியமைப்பை வடிவமைக்கும் வழக்கத்துக்கு, ஜெனரல் மோட்டார்ஸும் போஸும் சேர்ந்து 1983ஆம் ஆண்டு காடிலாக் செவில் முதலிய கார்களில் தந்த அமைப்பு முன்னோடி.

பெட்டியும் காரின் உட்புறமும்

வாங்குபவர் கேட்கும் முதற்கேள்வி வழக்கமாக எத்தனை அங்குலம், எத்தனை வாட் என்பதுதான். ஆனால் ஒலியின் தன்மையை அவற்றைவிட அதிகமாகத் தீர்மானிப்பவை பெட்டியின் கொள்ளளவும் காரின் உட்புறமும். டிக்கியில் எத்தனை லிட்டர் இடம் விட்டுக்கொடுக்க முடியும் என்று அளந்த பிறகே ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

விவரத்தாளில் மூன்று அளவுகள் முக்கியம்: பெட்டியில் பொருத்தாத ஸ்பீக்கரின் ஒத்ததிர்வு எண்ணான எஃப்எஸ், அதன் தடையுறு தன்மையைக் காட்டும் க்யூடிஎஸ், தொங்கலின் இளக்கத்துக்குச் சமமான காற்றின் கொள்ளளவைச் சொல்லும் விஏஎஸ். அடைத்த பெட்டியில் பொருத்திய பின் மொத்த க்யூ 0.707 ஆக இருந்தால் ஒலி சீராக இருக்கும். அந்த 0.707ஐ க்யூடிஎஸ்ஸால் வகுத்து, ஈவை வர்க்கமாக்கி, ஒன்றைக் கழித்து, வரும் எண்ணால் விஏஎஸ்ஸை வகுத்தால் பெட்டியின் கொள்ளளவு கிடைக்கும். எஃப்எஸ் 30 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.5, விஏஎஸ் 40 லிட்டர் என்றால் பெட்டியும் 40 லிட்டர். அதாவது உள்ளளவில் 40 × 40 × 25 சென்டிமீட்டர். அப்போது ஒத்ததிர்வு 42 ஹெர்ட்ஸுக்கு ஏறும். இடமில்லை என்று பெட்டியை 20 லிட்டராகக் குறைத்தால் மொத்த க்யூ 0.87 ஆகிறது, ஒத்ததிர்வு 52 ஹெர்ட்ஸுக்குப் போகிறது. பெட்டியை மேலும் சுருக்கினால் ஒரே இடத்தில் ஒலி புடைத்து, எல்லாப் பாட்டிலும் ஒரே சுரம் முழங்குவது போலக் கேட்கும். ஸ்பீக்கரும் உட்கட்டைகளும் அடைக்கும் இடத்தை இந்தக் கணக்கில் தனியே சேர்க்க வேண்டும்.

அடைத்த பெட்டியில் ஒத்ததிர்வுக்குக் கீழே, அதிர்வெண் பாதியாகும் ஒவ்வோர் ஆக்டேவுக்கும் ஒலி 12 டெசிபெல் வீதம் குறைகிறது. வீட்டு அறையில் இது ஒரு குறை. காருக்குள் நடப்பது வேறு. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். காரின் உட்புறம் இரண்டரை மீட்டர்தான். அலைநீளத்தில் பாதி அந்த நீளத்தைத் தாண்டும்போது, அதாவது சுமார் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அலை பரவுவதற்குப் பதில் உள்ளே இருக்கும் காற்று முழுவதும் ஒன்றாக அழுத்தப்படுகிறது. அதிர்வெண் குறையக் குறைய ஒலி ஏறுகிறது. கொள்கையளவில் அந்த ஏற்றமும் ஆக்டேவுக்கு 12 டெசிபெல்தான். கண்ணாடி இடுக்குகளும் நெளியும் கூரைத்தகடும் அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன. இருந்தும் பெட்டி இழப்பதைக் கார் பெருமளவு ஈடுகட்டுகிறது. வீட்டில் கிடைக்க அரிதான ஆழமான தாழ்ஒலி ஒரு சிறிய காரில் எளிதாகக் கிடைப்பது இதனால்தான்.

துளையுள்ள பெட்டி, துளைக்குரிய அதிர்வெண்ணை ஒட்டி அதிகச் சத்தம் தரும். அதற்குக் கீழே கூம்பைப் பிடித்துநிறுத்தக் காற்றழுத்தம் இருக்காது. மிகத் தாழ்ந்த அதிர்வெண்களைத் தடுக்கும் சப்சானிக் வடிகட்டி இல்லையென்றால் கூம்பு எல்லை மீறி அசைந்து சேதமாகும். பெட்டியும் பெரிதாக வேண்டும். இசையைக் கேட்பதே நோக்கமென்றால் பெரும்பாலான கார்களுக்கு அடைத்த பெட்டியே மேலானது.

பெட்டிக்கு 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் அல்லது நல்ல பிளைவுட் பயன்படுகிறது. டிக்கியின் பக்கக்குழியிலோ ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்திலோ பொருத்துவதற்கு அந்த இடத்திலேயே ஃபைபர்கிளாஸை வார்த்து எடுக்கிறார்கள். உழைப்பு அதிகம், ஆனால் சாமான் வைக்கும் இடம் பறிபோவதில்லை.

மின்சாரமும் இணைப்பும்

ஸ்டீரியோவின் முகப்பில் 50 வாட் × 4 என்று எழுதியிருக்கும். காரின் 14.4 வோல்ட்டை 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சதுர அலையாகச் செலுத்தினால் வரும் எண் அது. அதே மின்னழுத்தத்தில் திரிபில்லாத சைன் அலைக்குக் கணக்கின் உச்சமே 26 வாட். நடைமுறையில் 20 வாட்டை ஒட்டித்தான் கிடைக்கும். தனி ஆம்ப்ளிஃபையர் அவசியமாவது இங்கேதான். ஆம்ப்ளிஃபையரையும், உச்ச வாட்டை அல்ல, தொடர்ந்து தரும் ஆர்எம்எஸ் வாட்டைப் பார்த்தே வாங்க வேண்டும். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே.

300 வாட் தரும் டி வகுப்பு ஆம்ப்ளிஃபையர் 80 சதவீதத் திறனில் 375 வாட் எடுக்கும், 13.8 வோல்ட்டில் அது 27 ஆம்பியர். இதற்கான ஒயர் பேட்டரியிலிருந்து நேராக வர வேண்டும். பேட்டரி முனையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் கட்டாயம். அந்த ஃபியூஸ் காப்பது ஆம்ப்ளிஃபையரை அல்ல, ஒயரை: கார் உடலின் இரும்பில் உரசி ஒயர் ஷார்ட் ஆனால் கார் தீப்பிடிக்காமல் நிறுத்துவது அதுவே. செம்பு பூசிய அலுமினிய ஒயர் மலிவு. அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பில் ஏறத்தாழ 60 சதவீதமே என்பதால் அதைப் போட்டால் தடிமனைக் கூட்ட வேண்டும். எர்த் ஒயர் குட்டையாக, பெயின்ட் சுரண்டிய தகட்டில் இறுக்கமாக இருக்க வேண்டும்.

காருடன் வந்த ஸ்டீரியோவில் ஆம்ப்ளிஃபையருக்கான ஆர்சிஏ வெளியீடு பெரும்பாலும் இராது. ஸ்பீக்கர் ஒயரிலிருந்தே சிக்னல் எடுக்கும் ஹை லெவல் உள்ளீடு பல ஆம்ப்ளிஃபையர்களில் உண்டு. இல்லாவிட்டால் ஸ்பீக்கர் சிக்னலைத் தாழ்த்தித் தரும் லைன் அவுட் கன்வெர்ட்டர் வேண்டும். முன்பு சொன்ன தானியங்கிக் குறைப்பு இருக்கும் கார்களில், வெட்டப்பட்ட தாழ்ஒலியை மீட்டெடுக்கும் டிஎஸ்பி என்னும் எண்முறை ஒலிச்செயலி தேவைப்படலாம். எஞ்சின் இரைச்சலை ஸ்பீக்கர் மூலம் எதிர்க்கட்ட ஒலி எழுப்பி அடக்கும் வசதி சில கார்களில் இருக்கிறது. சப்வூஃபர் சேர்ந்ததும் அந்த வசதி தடுமாறி, பாட்டு ஓடாதபோதுகூட ஒரு முனகலை எழுப்பலாம். அப்போது அதைச் செயலிழக்கச் செய்தாக வேண்டும்.

சீரமைத்தல்

கெயின் என்பது ஒலியளவுக் குமிழ் அன்று. ஸ்டீரியோவின் சிக்னலுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் பொருத்தம் பார்ப்பது. 2 ஓம் சப்வூஃபருக்கு 300 வாட் தர வேண்டுமானால், இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 24.5 வோல்ட். சோதனை ஒலியை ஓடவிட்டு, சப்வூஃபரைக் கழற்றி வைத்து, மல்டிமீட்டரில் அந்த அளவு வரும்வரை கெயினைத் திருப்ப வேண்டும். சப்வூஃபருக்குத் தாழ்ஒலியை மட்டும் அனுப்பும் லோ பாஸ் வடிகட்டியை 80 ஹெர்ட்ஸில் தொடங்கலாம். கதவு ஸ்பீக்கர்களும் ஆம்ப்ளிஃபையரில் இயங்கினால் அவற்றுக்குத் தாழ்ஒலியைத் தடுக்கும் ஹை பாஸ் வடிகட்டி வைப்பது பெரும் பலன் தரும். தாழ்ஒலிச் சுமை நீங்கியதும் குரல் தெளிவடைவதை உடனே உணரலாம். பேஸ் வழக்கத்தைவிட மெலிந்திருந்தால் ஃபேஸ் சுவிட்சை மாற்றிப் பார்க்க வேண்டும். கதவு ஸ்பீக்கரும் சப்வூஃபரும் எதிரெதிராக அசைந்து ஒன்றையொன்று அழிப்பது அடிக்கடி நேர்வது. டிக்கி மூடியும் நம்பர் பிளேட்டும் கடகடத்தால் பியூட்டைல் ஒட்டுத்தாளும் ஸ்பஞ்சும் அடக்கும்.

இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபெல் என வரம்பு வைக்கின்றன. இந்த வரம்பு ‘ஏ’ அளவீட்டில் உள்ளது. அந்த அளவீடு 50 ஹெர்ட்ஸ் ஒலியை 30 டெசிபெல் குறைத்தே எண்ணும். மீட்டரில் சிறிய எண் காட்டும் பேஸ், சுவர் தாண்டி அடுத்த வீட்டில் உறங்குபவரை எழுப்பிவிட முடியும்.