எந்த வாயில் வழியே கால்சியம்? நரம்பு முன்னோடிச் செல்களின் முடிவு குறித்து

செல்லுக்குள் கால்சியம் ஏறினால் நரம்பு முன்னோடிச் செல் பிரிவதை நிறுத்தி நியூரானாகிறது என்று சுருக்கிச் சொல்லும் வழக்கம் உண்டு. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் கெய்த்தி ஹசன் ஆய்வகம் 2018இல் வெளியிட்ட முடிவு இந்தச் சுருக்கத்துக்கு அடங்காதது. மனிதக் கருக் குருத்தணுக்களிலிருந்து வளர்த்த முன்னோடிச் செல்களில் ஸ்டிம்1 புரதத்தை அவர்கள் நிலையாகக் குறைத்தார்கள். கால்சியம் வரத்து தணிந்தது. நியூரானாகும் போக்கோ தணியவில்லை, காலத்துக்கு முன்பே தலைகாட்டியது. செல் பிரிவுக்கும் டி.என்.ஏ. இரட்டிப்புக்கும் உரிய மரபணுக்கள் அடங்கின. நரம்புச் செல்லாக வேறுபடுவதற்கு உரியவை எழுந்தன.

ஸ்டிம்1 தானே ஒரு வாயில் அன்று. எண்டோபிளாச வலையின் சவ்வில் அமர்ந்து, அங்குள்ள கால்சியம் இருப்பை அளக்கும் உணரி அது. இருப்பு குறைந்தால் செல்லின் வெளிச்சவ்வை நெருங்கி ஓராய்1 வாயிலைத் திறக்கிறது. ஓய்வு நிலையில் செல்லுக்குள் கால்சியம் சுமார் 100 நானோமோலார்தான். வெளியே அதைப் போல ஏறத்தாழ 10,000 மடங்கு. வாயில் சற்றே திறந்தாலும் உள்ளே பாய்ந்துவிடும்.

இன்னொரு வழி, மின்னழுத்த மாற்றத்தால் திறக்கும் எல்-வகை வாயில்கள். 2004இல் கார்ல் டைசராத்தும் உடனாய்வாளர்களும் வளர்ந்த எலியின் முன்னோடிச் செல்களைக் கிளர்ச்சியூட்டியபோது, இவற்றின் வழியாகவும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளின் வழியாகவும் நுழைந்த கால்சியம் நியூரானாவதைத் தூண்டியது. தடை மரபணுவான ஹெஸ்1 தாழ்ந்தது, நியூரானாவதை ஊக்கும் நியூரோடி உயர்ந்தது. நம் ஊரில் இரத்த அழுத்தத்துக்குத் தரும், எல்-வகை வாயிலை அடைக்கும் நிஃபெடிபின் வகை மருந்தை இட்டால் விளைவு மங்கியது.

ஆக, அயனி ஒன்றே, பலன் இரண்டு. கம்பம்மெட்டிலிருந்து கீழே பார்த்தால் தெரியும் கம்பம் பள்ளத்தாக்கில் பெரியாற்று நீர் எந்த மதகு வழி இறங்குகிறது என்பதைப் பொறுத்தே எந்த வயல் நனையும் என்பது முடிவாகும், இங்கும் அப்படித்தான். ஓராய் வழி வரும் கால்சியம், கால்சிநியூரின் மூலம் என்.எஃப்.ஏ.டி. காரணியை எழுப்புகிறது. முரளி பிரகிரியாவின் குழு 2014இல் சுண்டெலியின் முன்னோடிச் செல்களில் இந்தப் பாதையை முடக்கியபோது செல் பெருக்கம் குறைந்தது. பெங்களூரு முடிவின் முதல் பாதி இதனோடு ஒத்துப்போகிறது.

இரண்டாம் பாதிதான் என்னைத் தடுத்து நிறுத்துகிறது. பிரிவது நின்றால் செல் வாளாவிருக்கலாம், மடியலாம். ஏன் நியூரானாக வேண்டும்? 2010இல் 'சயன்ஸ்' இதழில் இரு குழுக்கள் தனித்தனியே ஒன்றைக் காட்டின: ஸ்டிம்1 ஓராயைத் திறப்பதோடு நில்லாமல், எல்-வகை வாயிலான சிஏவி1.2-ஐ நேரடியாகப் பற்றி அடக்கவும் செய்கிறது. அப்படியென்றால் ஸ்டிம்1 குறைந்த செல்லில் ஒரு வாயில் மூடும்போதே மற்றொன்றின் மீதிருந்த தடையும் விலகியிருக்கலாம். முந்திய வேறுபாட்டுக்கு வரத்துக் குறைவைவிட வரத்து தடம் மாறியதே காரணம் என்பது என் கருத்து. வளராத நரம்புச் செல்களில் காபா என்னும் நரம்புக்கடத்தி அடக்குவதில்லை, சவ்வின் மின்னழுத்தத்தைத் தளர்த்துகிறது; ஆகவே எல்-வகை வாயில் திறக்கத் தூண்டுதலுக்கும் பஞ்சமிராது.

இது கருதுகோள்தான், சோதிக்க எளியது. ஸ்டிம்1 குறைந்த செல்களுக்கு நிஃபெடிபின் தரவேண்டும். முந்திய வேறுபாடு அடங்கி, பெருக்கக் குறைவு மட்டும் எஞ்சினால் வாதம் நிற்கும். இரண்டும் அப்படியே நீடித்தால் நான் சொன்னது தவறு. ஓராய்1-ஐ மட்டும் குறைத்த செல்களையும் பக்கத்தில் வைக்கவேண்டும், அவற்றில் சிஏவி1.2-ஐ அடக்கும் ஸ்டிம்1 இருந்தபடியே இருக்கும், ஆகவே முந்திய வேறுபாடு தோன்றக் கூடாது.

சிஏவி1.2-ஐத் தனியே பார்க்கவும் காரணம் இருக்கிறது. அதன் மரபணு பிறழ்ந்து, வாயில் மூடத் தாமதிக்கும் டிமத்தி நோய்க்குறியில், நோயாளிகளின் செல்களிலிருந்து 2011இல் செர்ஜியு பாஷ்காவும் உடனாய்வாளர்களும் வளர்த்த நியூரான்களில் புறணியின் கீழடுக்குக்கு உரியவை குறைந்து, டோபமின், நார்எபிநெஃப்ரின் ஆக்கும் வகை மிகுந்திருந்தது. எத்தனை நியூரான் என்பதோடு எவ்வகை நியூரான் என்பதும் இந்த வாயிலைச் சார்ந்தது.

சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட 'தரணி' வரைபடத்தில் மனிதக் கருமூளையின் 5,132 வெட்டுகள் எண்மத்தில் பதிவாகியுள்ளன. அத்தகைய வெட்டுகளில் முன்னோடிச் செல்கள் செறிந்த அறைசூழ் பகுதியில் ஸ்டிம்1, ஓராய்1, சிஏவி1.2 மூன்றையும் சாயமேற்றிப் பார்த்தால், எந்த வாரத்தில் எது மேலோங்குகிறது என்று தெரியவரும். வாயில் அங்கே இருக்கிறதா என்பதை மட்டும் அது சொல்லும். திறக்கிறதா என்பதற்கு குருத்தணுக்களிலிருந்து வளர்த்த சிறு மூளைத் திசுக்களான உயிருள்ள ஆர்கனாய்டுகளில் கால்சியத்தை ஒளிர்த்துப் பார்ப்பதே வழி.