சீர்வரிசையில் ஏறிய பெட்டி

குரும்பகரம் முதலிய காரைக்கால் பகுதிச் சிற்றூர்கள் 1954இல் பிரெஞ்சு ஆட்சியினின்று விடுபட்டன. சென்னையில் தொலைக்காட்சி 1975இல் தொடங்கிற்று. 1982இல் இலங்கையில் ரூபவாஹினி தோன்றியபின், காவிரிக் கடைமடைக் கரையோரத்தார் உயர்ந்த ஆன்டெனாக்களை நட்டுக் கடலுக்கு அப்பாலிருந்து வந்த காட்சிகளைக் கண்டனர். இந்தியாவில் வண்ண ஒளிபரப்பும் அவ்வாண்டே தொடங்கிற்று.

தொலைக்காட்சி நம் மணமுறையைக் கெடுத்துவிட்டது எனப் பலரும் குறைகூறுவர். உண்மையில் பல இல்லங்களுக்குள் அப்பெட்டியைக் கொணர்ந்ததே மணமுறைதான். கட்டில், பீரோ வரிசையில் அதுவும் சீர்ப்பொருளாயிற்று. பின்னர் கேட்டுப் பெறும் பொருளுமாயிற்று.

மணமகன் மணமகளுக்கு மனமுவந்து மஹர் வழங்க வேண்டும் என்பது சூரத்துன் நிஸாவின் 4ஆம் வசனம் தரும் கட்டளை. கைக்கூலியோ கொடையின் திசையையே மாற்றிவிட்டது. மஹர் பெயரளவில் நின்றது. பெண்ணைப் பெற்றவர் கடனாளியானார்.

பெட்டியால் தீமையே விளைந்தது என்பதற்கில்லை. தமிழகம் உள்ளிட்ட மாநிலங்களின் சிற்றூர்களில் ஜென்சன், ஆஸ்டர் ஆகியோர் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, கேபிள் தொலைக்காட்சி நுழைந்த ஊர்களில் மனைவியை அடிப்பதை ஏற்கும் மனப்பாங்கு பெண்களிடையே குறைந்தது எனக் காட்டுகிறது.

தந்தை மகளுக்கு உரிமையாக்கிக் கொடுத்த சீர்ப்பொருள் அவளுக்கே உடைமை என்பது ஃபிக்ஹு விதி. அது மாமியார் வீட்டுக் கூடத்தில் இருப்பதால் பிறர் உடைமை ஆகிவிடாது. கைக்கூலியை ஒழிப்பதே கடமை. அதுவரை, மஹர் எழுதப்படும் நிக்காஹ் பதிவேட்டிலேயே சீர்ப்பொருள்களையும் மணமகள் பெயரில் எழுதிவைக்க ஜமாஅத்துகள் முன்வரவேண்டும்.