கிறீட்மூர்ப் போட்டி, 1874: ஒரு மறுநோக்கு

ஒற்றை வேட்டுத் துப்பாக்கிகளின் குறித்திறன் அவற்றின் பொறியமைப்பில் தங்கியுள்ளதா, அன்றி ஏந்துவோனின் ஆற்றலில் தங்கியுள்ளதா? இவ்வினாவுக்கு விடை காண முனைவோர் பெரும்பாலும் 1874 செப்டெம்பர் 26ஆந் திகதி நியூயோர்க்கின் லோங் தீவிலுள்ள கிறீட்மூர் என்னுமிடத்தில் நடைபெற்ற போட்டியையே சான்றாகக் காட்டுவர். அச்சான்று எத்துணை வலுவுடையது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அக்காலத்தில் இருவகைத் துப்பாக்கிகள் வழக்கிலிருந்தன. முதலாவது வகையில் வெடிமருந்தும் ரவையும் குழலின் முன்வாயினூடாக இடப்பட்டன. இம்முறை தாமதமானது, எனினும் ரவையைக் குழலிற் செம்மையாகப் பொருத்த உதவியது. இரண்டாவது வகையில் தோட்டா பின்புறமாக இடப்பட்டது. ஷார்ப்ஸ், றெமிங்ரன் ஆகியன இவ்வகையின. விரைந்து மருந்திடத்தக்க இவற்றை, 1870களில் அமெரிக்கச் சமவெளிகளிற் காட்டெருமைகளைக் கொன்று குவித்த வேட்டைக்காரர் பெரிதும் விரும்பினர். ஆயினும் 1000 யார் தொலைவிற் குறிபார்க்க முன்வாய்த் துப்பாக்கியே ஏற்றதென வல்லுநர் பலர் கருதினர்.

1873இல் விம்பிள்டனில் எல்கோ கேடயத்தை வென்ற அயர்லாந்தினர், அமெரிக்கரைப் போட்டிக்கு அறைகூவினர். அயர்லாந்தினர் முன்வாயால் மருந்திடும் றிக்பி துப்பாக்கிகளையும், அமெரிக்கர் போட்டிக்கெனச் செம்மைப்படுத்தப்பட்ட பின்வாய்த் துப்பாக்கிகளையும் ஏந்தினர். அணிக்கு அறுவர், 800, 900, 1000 யார் தொலைவுகளில் ஒவ்வொருவருக்கும் பதினைந்து வேட்டுக்கள், நடுவட்டத்துக்கு 4 புள்ளிகள். அமெரிக்கர் 934, அயர்லாந்தினர் 931 புள்ளிகள் பெற்றனர். இறுதி வேட்டினால் வெற்றியை உறுதிசெய்த போடைன், உடைந்த போத்தலொன்றினாற் காயமுற்ற கையுடனேயே சுட்டார்.

ஆனால் அயர்லாந்து வீரர் மில்னர் தவறுதலாக வேறோர் இலக்கைச் சுட்டிருந்தார். ரவை நடுவட்டத்திற் பாய்ந்தபோதிலும் புள்ளி கிடைக்கவில்லை. அந்த 4 புள்ளிகள் கிட்டியிருப்பின் அயர்லாந்தினர் 935 புள்ளிகளுடன் வென்றிருப்பர். துப்பாக்கி பிழைக்கவில்லை, கண்ணே பிழைத்தது.

மேலும் நோக்குவோம். றெமிங்ரன் ஏந்திய அமெரிக்கர் மூவரும் 478 புள்ளிகளும், ஷார்ப்ஸ் ஏந்திய மூவரும் 456 புள்ளிகளும் பெற்றனர். மூவருக்குமான வேறுபாடு 22. ஆனால் ஒரே றெமிங்ரனை ஏந்திய புல்ரன் 171 புள்ளிகளும் ஹெப்பேர்ண் 149 புள்ளிகளும் பெற்றனர். இவ்விருவர்க்கு இடையிலேயே வேறுபாடு 22! ஹெப்பேர்ணோ றெமிங்ரன் தொழிற்சாலையிற் பணியாற்றியவர். துப்பாக்கி அமைப்பில் வல்லவர்.

1875இல் அயர்லாந்தின் டொலிமவுன்ற் என்னுமிடத்தில் அமெரிக்கர் 967க்கு 929 என மீண்டும் வென்றனர். இதனைத் தற்செயல் எனத் தள்ளுதல் இயலாது. பின்வாய்த் துப்பாக்கி தாழ்ந்ததன்று என்பது அங்கு உறுதியாயிற்று. எனினும் 1874இன் வெற்றி துப்பாக்கியின் மேன்மையை நிறுவியது என்பது பொருந்தாது. வென்றவர் பெயரை மட்டும் நோக்காது, புள்ளிப்பட்டியலையும் நுணுகி நோக்குதலே வரலாற்று மாணவர் கடனாகும்.