வெற்றிலைச் சேர்மமும் பெருங்குடல் புற்றுநோய்ச் செல்களும்: 1986 ஆய்வின் மறுவாசிப்பு

வெற்றிலையிலுள்ள ஹைட்ராக்சிசாவிகால் புற்றுநோயைத் தடுக்கும் என்ற கருத்து வலுப்பெற்றது மும்பையில், எஸ். வி. பிடே குழுவினரால். அமோன்கர், நாகபூஷண் ஆகியோருடன் பிடே 1986-இல் வெளியிட்ட கட்டுரை, டிஎம்பிஏ என்னும் வேதிப்பொருள் சால்மோனெல்லா பாக்டீரியாவில் உண்டாக்கும் மரபணு மாற்றத்தை இச்சேர்மம் குறைப்பதைக் காட்டியது. சுண்டெலி எலும்பு மஜ்ஜையிலும் அதே போக்கு. தாம்பூலத்தின் தீங்கு பாக்கிலும் புகையிலையிலும் இருக்கிறது, இலை காப்பாக நிற்கிறது என்று இதை வாசித்தனர். பாக்கைப் பற்றிய பகுதி நிலைத்தது. புகையிலை சேராத தாம்பூலமும் பாக்கும் புற்றுநோய்க் காரணிகளே என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் 2004 தொகுப்பு வகைப்படுத்தியது. இலையைப் பற்றிய பகுதியைத்தான் ஏற்பது கடினம்.

டிஎம்பிஏ தானாக மரபணுவைத் தாக்குவதில்லை. ஈரல் நொதிகள் அதை மாற்றிய பிறகே நஞ்சாகிறது. அதற்காகவே சோதனைத் தட்டில் ஈரல் சாறு சேர்க்கப்படுகிறது. அந்த நொதிகளை மந்தமாக்கும் எந்தப் பொருளும் அங்கே காவலாகத்தான் தெரியும். 1986-இன் முடிவில் பெரும்பங்கு இப்படி வந்திருக்கக்கூடும். இது ஊகமே. சேர்மத்தின் கட்டமைப்போ வேறொரு சிக்கலைக் காட்டுகிறது. ஹைட்ராக்சிசாவிகாலைப் போலப் பென்சீன் வளையத்தில் அடுத்தடுத்து இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் கொண்ட சேர்மங்கள், செல் வளர்ப்பு ஊடகத்தில் ஆக்சிஜனேற்றமடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உருவாக்க வல்லவை. 2012-இல் கொல்கத்தா ஆய்வாளர்கள், இரத்தப் புற்றுநோய்ச் செல்களை ஹைட்ராக்சிசாவிகால் கொல்வது மைட்டோகாண்டிரியாவில் பெருகும் வினைத்திறன்மிகு ஆக்சிஜன் மூலமே என்று காட்டினர். ஓரிடத்தில் காவல், ஓரிடத்தில் கொலை.

பெருங்குடலுக்கு வந்தால் சிக்கல் கூடுகிறது. எச்டி-29 என்னும் பெருங்குடல் புற்றுநோய்ச் செல்களின் பிரிவை இச்சேர்மம் நிறுத்தி அவற்றை மடியச் செய்வதாக மலேசிய ஆய்வொன்று 2021-இல் கூறியது. மடிவது வேறு, பரவாதிருப்பது வேறு. பரவலை அளக்கும் எளிய முறை கீறல் சோதனை: தட்டை நிறைத்து வளர்ந்த செல் படலத்தின் மேல் பிப்பெட் முனையால் ஒரு கோடு இழுத்து, உடனேயும் 24 மணி நேரம் கழித்தும் படமெடுத்து, இடைவெளி எவ்வளவு மூடியது என்று பார்ப்பது. செத்த செல்லும் இடைவெளியை மூடாது. பிரிந்து பெருகும் செல்லோ நகராமலே மூடிவிடும். எனவே கொல்லாத அளவில் மருந்தும், பிரிவை நிறுத்த மைட்டோமைசினும், பெராக்சைடை நீக்கக் கேட்டலேஸும் இல்லாமல் செய்த கீறல் சோதனைக்கு மதிப்புக் குறைவு. திட்டுத்திட்டாக ஒட்டி வளரும் எச்டி-29-ஐவிட, ஒரே நோயாளியின் குடல் கட்டியிலிருந்தும் நிணநீர்க் கணுவிலிருந்தும் பெற்ற எஸ்டபிள்யூ-480, எஸ்டபிள்யூ-620 இணை இதற்குப் பொருத்தம். சவ்வைத் துளைத்துச் செல்லும் திறனுக்கு 1962-இல் பாய்டன் வகுத்த அறைமுறை உண்டு.

இலையின் அடையாளமும் கேள்விக்குரியது. ராஜவாய்க்கால் பாசனத்தில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் பரமத்தி வேலூர், பொத்தனூர், பாண்டமங்கலம் பகுதி ஏலத்தில் வெள்ளைக்கொடி, கற்பூரி என இரகம் பிரித்து, இளம்பயிர், முதிகால் எனக் கொடியின் வயதும் பார்த்தே 104 கவுளிக் கட்டுகள் கொண்ட சுமைக்கு விலை வைப்பார்கள். ஆனால் ஆய்வகக் கட்டுரைகள் பலவற்றில் தாவரப் பெயர் மட்டுமே இருக்கும். இரகத்துக்கு இரகம் இலை எண்ணெய் மாறுகிறது. சிலவற்றில் யூஜினால் மிகுதி, சிலவற்றில் எலிகளின் ஈரலில் புற்றை உண்டாக்கும் சாஃப்ரோல். தூய சேர்மத்தை வாங்கிச் சோதிப்பவருக்கு இத்தொல்லை இல்லை. அவர் முடிவு இலைச் சாற்றுக்குப் பொருந்தும் என்பதற்கு உறுதியும் இல்லை.