கைத்துப்பாக்கி வேட்டையும் கைக்கு எட்டும் விலையில் ஒரு ஸ்கோப்பும்

கைத்துப்பாக்கி என்றதும் போலீஸும் திருடனும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். ஆனால் அமெரிக்காவில் அதை எடுத்துக்கொண்டு மான் வேட்டைக்குப் போகும் கூட்டம் ஒன்று பல பத்தாண்டுகளாக இருக்கிறது. பல மாநிலங்களில் சட்டமே இதை அனுமதிக்கிறது. எந்த அளவு தோட்டா, எவ்வளவு நீளக் குழல் என்கிற விதிகள்தான் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

இந்தக் கூட்டத்துக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு தலைவலி உண்டு. அதுதான் ஸ்கோப், அதாவது துப்பாக்கியின் மேல் மாட்டிக் குறி பார்க்கும் சின்னத் தொலைநோக்கி. தோளில் வைத்துச் சுடும் ரைபிளுக்கு மலிவான ஸ்கோப் 1930களிலேயே வந்துவிட்டது. கைத்துப்பாக்கிக்கு என்று ஒன்று வர மேலும் முப்பது வருடங்கள் ஆயின. வந்த பிறகும் சம்பளக்காரர்கள் எதை வாங்குவது, எதில் காசை மிச்சம் பிடிப்பது என்று குழம்பிக்கொண்டுதான் இருந்தார்கள். துப்பாக்கி பெரிதாக இருக்கும்போது ஸ்கோப் சின்னதாக இருந்தது. துப்பாக்கி சின்னதானதும் ஸ்கோப் ஏன் பெரிய பிரச்சினை ஆனது? இந்தக் கேள்விக்குள் கொஞ்சம் இயற்பியலும் நிறைய வணிகமும் ஒளிந்திருக்கின்றன.

ஸ்கோப் எதற்கு?

1935இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் .357 மேக்னம் ரிவால்வரைக் கொண்டுவந்தது. அது வரை இருந்த ரிவால்வர்களைவிட அதன் தோட்டாவுக்கு வேகம் அதிகம். நிறுவனத்தைச் சேர்ந்த டக்ளஸ் வெஸ்ஸனே அதை எடுத்துக்கொண்டு பெரிய மிருகங்களை வேட்டையாடிக் காட்டினார். விளம்பரம்தான், வேறென்ன! அடுத்து ஐடஹோ மாநிலத்துப் பண்ணையாளரும் எழுத்தாளருமான எல்மர் கீத், ".44 அளவில் இன்னும் வலுவான தோட்டா வேண்டும்" என்று வருடக்கணக்கில் எழுதி வந்தார். 1955இல் .44 மேக்னம் பிறந்தது. 1971இல் வந்த 'டர்ட்டி ஹாரி' படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் கையில் அதைப் பார்த்த பிறகு, வேட்டைக்குச் சம்பந்தமே இல்லாதவர்களுக்கும் அந்தப் பெயர் தெரிந்துவிட்டது.

சினிமா சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. ரிவால்வரில் இருந்து கிளம்பும் .44 மேக்னம் குண்டின் ஆற்றல், சாதாரண .30-06 வேட்டை ரைபிள் குண்டின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். குறி கொஞ்சம் தவறினாலும் ஆற்றலை வைத்துச் சமாளிக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி சுமார் 20 சென்டிமீட்டர் அகலம். குண்டு அதற்குள் விழுந்தால் மிருகம் சீக்கிரம் செத்துவிடும். வெளியே விழுந்தால் வயிற்றிலோ காலிலோ காயத்தோடு காட்டுக்குள் ஓடி, மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் துடித்துச் சாகும். வேட்டை சரியா தவறா என்பது தனி விவாதம். ஆனால் வேட்டைக்காரர்களே அவமானமாக நினைக்கும் விஷயம் இது.

துப்பாக்கியோடு வரும் இரும்புக் குறிகளை வைத்தே சுடலாமே என்று கேட்கலாம். இளைஞர்களால் முடியும். இரும்புக் குறியில் பின்பக்க வெட்டு, முன்பக்க முனை, தூரத்து இலக்கு என மூன்றையும் ஒரே நேரத்தில் கண் பார்க்க வேண்டும். நாற்பது, நாற்பத்தைந்து வயதில் வெள்ளெழுத்து வந்ததும் கை நீட்டும் தூரத்தில் உள்ள முனை மங்க ஆரம்பிக்கும். ஸ்கோப்பில் இலக்கும் குறுக்குக் கோடும் ஒரே தளத்தில் தெரியும். நடுத்தர வயது வேட்டைக்காரருக்கு ஸ்கோப் ஆடம்பரம் இல்லை. அது இல்லாவிட்டால் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துவிட வேண்டியதுதான்.

ரைபிளுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்

1930 வாக்கில் நல்ல ஸ்கோப் என்றால் ஜெர்மனி, ஆஸ்திரியா சரக்குதான். விலை சாதாரண ஆளுக்கு எட்டாது. அந்த நேரத்தில் வில்லியம் வீவர் என்ற இளைஞர் ஸ்கோப் செய்ய ஆரம்பித்தார். கென்டக்கியில் தொடங்கி 1933இல் டெக்சஸின் எல் பாசோ நகரத்துக்குப் போனார். அவருடைய 330 மாடல், துப்பாக்கியில் பொருத்தும் மவுண்ட்டோடு சேர்த்து 19 டாலருக்கு விற்றது. அதுவும் பொருளாதாரப் பெருமந்த காலத்தில்!

எப்படி முடிந்தது? அலங்காரம் இல்லை, மெல்லிய குழாய், எளிய அமைப்பு, ஒரே மாதிரிப் பொருளை ஏராளமாகச் செய்வது. வணிகவியல் முதலாமாண்டுப் பாடத்தில் வரும் அதே கணக்குதான்: அச்சு, இயந்திரம், வடிவமைப்பு போன்ற நிலையான செலவுகளை லட்சம் பொருள்கள் மேல் பகிர்ந்தால் ஒவ்வொன்றின் தலையிலும் விழுவது சொற்பம். அமெரிக்காவில் ரைபிள் வேட்டைக்காரர்கள் லட்சக்கணக்கில் இருந்ததால் கணக்கு பலித்தது.

கைத்துப்பாக்கியில் வேட்டையாடுபவர்கள் அதில் ஒரு சிறு துளி. அவர்களுக்காகத் தனியாக ஒரு பொருள் செய்தால் அதே நிலையான செலவை மிகச் சில பேர் சுமக்க வேண்டும். சரி, ரைபிள் ஸ்கோப்பையே வாங்கி மாட்டிக்கொள்ள முடியாதா? முடியாது. காரணம் அடுத்து.

கை நீளத்தின் விலை

ரைபிள் ஸ்கோப்பில் கண்ணை கண்ணாடியில் இருந்து மூன்று, நான்கு அங்குலத்தில் வைத்தால்தான் முழுப் படம் தெரியும். கைத்துப்பாக்கியைக் கை நீட்டிப் பிடிக்க வேண்டும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையில் ஒரு அடியில் இருந்து இரண்டு அடி வரை தூரம். அங்கிருந்து ரைபிள் ஸ்கோப்புக்குள் பார்த்தால் உருப்படியாக ஒன்றும் தெரியாது. லென்ஸ் அமைப்பையே மாற்ற வேண்டும்.

அப்படி மாற்றினாலும் ஒரு நஷ்டம் உண்டு. சாவித் துவாரத்தில் கண்ணை ஒட்டிப் பார்த்தால் அறை முழுக்கத் தெரியும். இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தால் எதிர்ச் சுவரில் ஒரு துண்டுதான் தெரியும். அதே கதைதான் இங்கேயும். கண் தள்ளிப் போகப் போக பார்வைப் பரப்பு சுருங்கும். உருப்பெருக்கத்தை 2 மடங்கில் இருந்து 4 மடங்காக ஏற்றினால் அந்தச் சுருங்கிய பரப்பும் இன்னும் பாதியாகும். கூடவே கையின் நடுக்கமும் பெரிதாகத் தெரியும். மானைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் மான் போய்விடும்!

1960களில் இந்தக் கதை நகர்ந்தது. 1963இல் ரெமிங்டன் நிறுவனம் எக்ஸ்பி-100 என்ற, ரைபிள் போலவே போல்ட் இழுத்துச் சுடும் கைத்துப்பாக்கியை விற்க ஆரம்பித்தது. 1967இல் தாம்சன் சென்டர் நிறுவனத்தின் கன்டெண்டர் வந்தது. வாரன் சென்டர் வடிவமைத்த இது ஒரே ஒரு தோட்டா போடும் எளிய துப்பாக்கி. ஒரு பிடியை வாங்கிவிட்டு வேண்டிய குழலை மட்டும் அவ்வப்போது வாங்கி வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். பல துப்பாக்கி வாங்க வசதி இல்லாதவர்களுக்கு இது வரப்பிரசாதம். இரண்டுமே துல்லியமாகச் சுடுபவை. அந்தத் துல்லியத்தைப் பயன்படுத்த ஸ்கோப் வேண்டும்.

அதே 1960களில் புஷ்னெல் நிறுவனம் பேண்டம் என்ற பெயரில் கைத்துப்பாக்கிக்கென்றே ஸ்கோப் விற்றது. உருப்பெருக்கம் 1.3 மடங்கும் 2.5 மடங்கும்தான். 1948இல் தன் நிறுவனத்தைத் தொடங்கிய டேவிட் புஷ்னெல், ஜப்பானில் செய்த பைனாகுலர்களை இறக்குமதி செய்து மலிவாக விற்றுப் பெயர் வாங்கியவர். உலகப்போரில் ராணுவத்துக்கு லென்ஸ் செய்த ஜப்பானியத் தொழிலாளர்கள் போருக்குப் பின் கேமராவும் பைனாகுலரும் செய்தார்கள். திறமை அதிகம், கூலி குறைவு. சின்னச் சந்தையின் பிரச்சினைக்கு விடை கடல் கடந்து வந்தது.

உதை வாங்கும் கண்ணாடி

விலை இறங்கியது, ஆனால் வேறொரு பூதம் கிளம்பியது. சுடும்போது எல்லாத் துப்பாக்கியும் பின்னால் உதைக்கும். ரைபிளின் எடை மூன்றரைக் கிலோ போல இருக்கும். ரிவால்வர் அதில் பாதிகூட இருக்காது. எடை குறைந்த பொருள் சட்டென்று வேகமாகப் பின்னால் பாயும், மேல் பக்கமும் தூக்கும். அதன் தலையில் உட்கார்ந்திருக்கும் ஸ்கோப்போ இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். துப்பாக்கி பின்னால் போக, ஸ்கோப் முன்னால் நழுவும். நடுவில் மாட்டிக்கொண்டு அவதிப்படுவது மவுண்ட்டும் அதன் சின்னத் திருகுகளும்தான்.

இதில் ஒரு சின்னக் கணக்கு போட்டால் விபரீதம் புரியும். இரண்டு வளையங்களுக்கு நடுவே 10 சென்டிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொண்டால், ஒரு பக்கம் வெறும் 0.1 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால், 91 மீட்டர் (100 கஜம்) தூரத்தில் குறி 9 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். 0.1 மில்லிமீட்டர் என்பது ஒரு தலைமுடியின் தடிமன்! மானின் உயிர்ப்பகுதி நடுவில் இருந்து விளிம்பு வரை 10 சென்டிமீட்டர்தான். முந்தின வாரம் பயிற்சியில் சரியாக விழுந்த குண்டு, திருகு தளர்ந்த துப்பாக்கியில் வேட்டை நாளன்று எங்கே போகும் என்று சொல்ல முடியாது. ஸ்கோப் உடைந்தால்கூடப் பரவாயில்லை, தெரிந்துவிடும். நகர்ந்தால் தெரியாது.

மவுண்ட் விஷயத்திலும் வீவர் பெயர் வருகிறது. அவருடைய மவுண்ட் அடித்தளத்தில் குறுக்கே ஒரு பள்ளம் இருக்கும். வளையத்தின் ஆணி அதில் உட்கார்ந்துகொண்டால் ஸ்கோப் முன்னால் நழுவ முடியாது. செய்யவும் சுலபம், விலையும் குறைவு. 1995இல் அமெரிக்க ராணுவம் தரப்படுத்திய பிகாட்டினி தண்டவாளம் இதன் வாரிசுதான். ஒஹாயோவில் எஸ்எஸ்கே நிறுவனத்தை நடத்திய ஜே.டி. ஜோன்ஸ், கன்டெண்டருக்கு மிகக் கடுமையான தோட்டாக்களை உருவாக்கியவர். இரண்டு வளையம் போதவில்லை என்று மூன்றும் அதற்கு மேலும் வளையங்கள் போடும் மவுண்ட்டை விற்றார். ரூகர் நிறுவனம் 1987இல் கொண்டுவந்த சூப்பர் ரெட்ஹாக் ரிவால்வரில் மவுண்ட்டுக்கான இடத்தைத் துப்பாக்கியின் உடலிலேயே செதுக்கி, வளையங்களையும் சேர்த்தே கொடுத்தது. வாங்குபவருக்குத் தனிச் செலவு ஒன்று குறைந்தது.

துப்பாக்கிகளோ சும்மா இருக்கவில்லை. 1983இல் .454 கசுல், 2003இல் .500 மேக்னம் என்று உதை ஏறிக்கொண்டே போனது.

யென் ஏறியது, தொழிற்சாலை நகர்ந்தது

1985 செப்டம்பரில் பிளாசா ஒப்பந்தம் கையெழுத்தானபோது ஒரு டாலருக்குச் சுமார் 240 யென். 1988 தொடக்கத்தில் அது ஏறத்தாழ பாதி. அதாவது, யென் விலை மாறாத ஒரு ஜப்பானிய ஸ்கோப்புக்கு அமெரிக்க இறக்குமதியாளர் இரு மடங்கு டாலர் கொடுக்க வேண்டும். மலிவுச் சரக்கின் உற்பத்தி தென் கொரியா, பிலிப்பைன்ஸ், பிறகு சீனா என்று நகர்ந்தது. எல் பாசோவில் வீவரின் தொழிற்சாலை அதற்கு முன்பே, 1984இல் மூடப்பட்டிருந்தது.

மலிவுச் சரக்கு பெருகியதும் உருப்பெருக்கத்தை ஏற்றி இறக்கும் ஸ்கோப்புகளும் சம்பளக்காரர்கள் கைக்கு வந்தன. கண்ணாடிப் பெட்டியில் பார்க்க அழகு. ஆனால் உள்ளே நகரும் பாகங்கள் அதிகம், எடை அதிகம், உதைக்கு ஆடிப்போகும் வாய்ப்பும் அதிகம். உருப்பெருக்கத்தை முழுசாக ஏற்றினால் கண்ணை மிகச் சரியான இடத்தில் வைத்தால்தான் படம் தெரியும். 50 கஜத்தில் நிற்கும் மானுக்கு இதெல்லாம் தேவையே இல்லை.

கடைசியாக வந்த போட்டி சிவப்புப் புள்ளி. ஸ்வீடனின் ஏய்ம்பாயின்ட் நிறுவனம் 1975இல் முதல் மின்னணு சிவப்புப் புள்ளிக் குறியை விற்றது. உருப்பெருக்கம் இல்லை, கண்ணை எவ்வளவு தூரத்தில் வைத்தாலும் புள்ளி தெரியும். கை நீளப் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. ஆரம்பத்தில் விலை அதிகம். ஆசியத் தொழிற்சாலைகள் செய்ய ஆரம்பித்ததும் இறங்கியது. இது ரைபிளுக்கும் பிஸ்டலுக்கும் பொது என்பதால் உற்பத்தி அளவும் பெரிது. வீவர் ரைபிளுக்குப் போட்ட கணக்கு கைத்துப்பாக்கிக்குப் பலித்தது இதில்தான்.

கணக்கு முடிவு

இந்த எழுபது எண்பது வருடக் கதையைக் கூட்டிக் கழித்தால், குறைந்த பட்ஜெட்காரருக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. மற்ற பொருள்களில் மலிவானது வேறு, நல்லது வேறு. இங்கே இரண்டும் ஓரளவு ஒன்றாகவே போகின்றன. உருப்பெருக்கம் மாறாத, 2 மடங்கு போன்ற சின்ன ஸ்கோப்பில் லென்ஸ் குறைவு, எடை குறைவு, விலை குறைவு. அதே காரணங்களால் உதையையும் நன்றாகத் தாங்கும், பார்வைப் பரப்பும் அகலம். பழைய நல்ல தயாரிப்பு ஒன்று கையிரண்டாகக் கிடைத்தால், உருப்பெருக்கம் மாறும் புதிய மலிவு மாடலைவிட அது மேல்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் மவுண்ட். மொத்தத் தொகையைப் பிரிக்கும்போது பலர் ஸ்கோப்புக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, மீதிச் சில்லறைக்கு மவுண்ட் தேடுகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் வலுவான மவுண்ட், அடுத்து அதில் உட்காரும் எளிய ஸ்கோப், மீதிப் பணம் பயிற்சித் தோட்டாவுக்கு. நிறையச் சுட்டுப் பார்த்தால்தான் குறி நகர்கிறதா என்று வேட்டைக்கு முன்பே தெரியும். அதை மைதானத்தில் ஒரு காகிதத்தின் மேல் தெரிந்துகொள்ளலாம். தெரிந்துகொள்ளாமல் போனால், காயத்தோடு ஓடும் மானின் ரத்தத் தடத்தை இருட்டில் டார்ச் அடித்துத் தேட வேண்டியிருக்கும்.