தலைக்கனம் தின்ற தளபதி

கட்டுப்பாடு என்றதும் வரலாற்றில் முதலில் நினைவுக்கு வருவது கிரேக்க நாட்டின் ஸ்பார்ட்டா. ஏழு வயதிலேயே ஆண் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துப் பயிற்சிக்கு அனுப்பிவிடுவார்கள். எளிய உணவு, பொதுப் பந்தி, ஆடம்பரம் கூடவே கூடாது. அப்படி வளர்ந்த ஒரு மாவீரன், தான் தோற்கடித்த எதிரியைப் போலவே மாறிப்போனான் என்றால் நம்ப முடிகிறதா?

அவன் பெயர் பாசானியஸ். தெர்மோபைலேயில் உயிர்விட்ட லியோனிடஸ் மன்னனின் சகோதரன் மகன். கி.மு. 479-ல் பிளாட்டியா போரில் கிரேக்க நகரங்களின் கூட்டுப்படைக்குத் தலைமை தாங்கி, பாரசீகப் படையை நொறுக்கியவன்.

வெற்றி பெற்ற அன்று அவன் நடந்துகொண்ட விதத்தை ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். லியோனிடஸின் தலையை வெட்டிக் கம்பத்தில் ஏற்றியதற்குப் பழியாக, இறந்த பாரசீகத் தளபதி மார்டோனியஸின் உடலையும் அப்படியே செய்யச் சொன்னார் ஒருவர். அது நமக்குத் தகாது என்று மறுத்துவிட்டான். பிறகு பாரசீக விருந்தையும் ஸ்பார்ட்டாவின் சாதாரணச் சாப்பாட்டையும் அருகருகே வைக்கச் சொன்னான். இவ்வளவு வசதி உள்ளவர்கள் நம் ஏழைச் சோற்றைப் பிடுங்கவா வந்தார்கள் என்று சிரித்தான்!

ஆனால் புகழ் தலைக்கேறியது. வெற்றிக்கு நன்றியாக டெல்ஃபி கோயிலில் வைத்த நினைவுச் சின்னத்தில், எல்லோரும் சேர்ந்து பெற்ற வெற்றியைத் தன் ஒருவன் பெயரில் பொறித்தான். ஸ்பார்ட்டா அரசு உடனே அதை அழித்துவிட்டு, போரிட்ட நகரங்களின் பெயர்களைப் பொறித்தது.

கி.மு. 478-ல் பைசாண்டியம் நகரைப் பிடித்தான். அன்று கேலி செய்த அதே பாரசீக விருந்து இப்போது தினசரிச் சாப்பாடு! உடையும் பாரசீக உடை. யாரும் எளிதில் பார்க்க முடியாது, பார்த்தாலும் எரிந்து விழுவான். பாரசீக மன்னன் செர்க்சஸின் மகளை மணந்து, கிரேக்கத்தையே அவனிடம் ஒப்படைக்கத் தயார் என்று கடிதம் எழுதியதாக துசிடிடிஸ் சொல்கிறார். அந்தக் கடிதத்தைச் சந்தேகிக்கும் ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் அவனுடைய திமிரைத் தாங்காமல் நட்பு நகரங்கள் ஏதென்ஸ் பக்கம் போனது உண்மை. கடல் கடந்த போரின் தலைமையையே ஸ்பார்ட்டா இழந்தது.

கடைசியில் கைதுக்குப் பயந்து ஏதெனா கோயிலுக்குள் ஓடி ஒளிந்தான். வாசலைச் சுவர் வைத்து அடைத்தார்கள். பட்டினியால் சாகும் நிலையில் வெளியே கொண்டுவந்தார்கள், உயிர் பிரிந்தது.

பசியும் குளிரும் அவனை வளைக்கவில்லை, ஸ்பார்ட்டா அதற்குப் பயிற்சி கொடுத்திருந்தது. புகழைத் தாங்கத்தான் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. "நாம் ஜெயித்தோம்" என்பது "நான் ஜெயித்தேன்" என்று மாறிய இடத்தில்தான் அவன் சரிவு தொடங்கியது.

டெல்ஃபியில் இருந்த அந்த வெண்கலத் தூண் இன்று இஸ்தான்புல்லில் நிற்கிறது. அதாவது, அவன் தடம் மாறிய அதே பைசாண்டியத்தில்! அதில் 31 நகரங்களின் பெயர்கள் இருக்கின்றன. பாசானியஸ் பெயர் மட்டும் இல்லை.